ஞாயிறு மட்டும்: மருத்துவமனை சாஃப்ட்வேர் பற்றி டாக்டர்கள் புலம்பியபோது நடந்தது

பின்னணி

தென் மாவட்டத் தாலுகா ஊர் ஒன்றில் உள்ள நூறு படுக்கைத் தனியார் மருத்துவமனை. நான் அங்கே பொது மருத்துவர். ஆட்களின் பெயர், ஊர், சாஃப்ட்வேர் கம்பெனி எதையும் இங்கே சொல்லப் போவதில்லை.

பல மருத்துவமனைகளைப் போல எங்களிடமும் கம்ப்யூட்டர் முதலில் வந்தது பில் கவுண்டருக்கு. அப்புறம் மருந்தகம், அப்புறம் லேப். டாக்டர் அறைக்கு மட்டும் வரவில்லை. பெயர், வயது, டோக்கன் எண் அச்சிட்ட ஓ.பி. சீட்டில் டாக்டர் கையால் எழுதுவார். நோயாளி அதை மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த முறை திருப்பிக் கொண்டுவருவார். மறந்துவிட்டு வந்தால் "அந்த வெள்ள மாத்திர, நடுவுல கோடு போட்டது" என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உள்நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகள் மாடிப்படிக்குக் கீழே உள்ள ரெக்கார்டு அறையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. எங்கள் ரெக்கார்டு அறை ஊழியர் அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் தூசியில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் நிர்வாகம் டாக்டர் அறைக்கும் சாஃப்ட்வேர் கொண்டுவரலாம் என்றபோது முதலில் கையைத் தூக்கியது நான்தான். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்க ஆபா என்ற சுகாதாரக் கணக்கு எண்ணோடு பதிவுகளை இணைக்கும் பேச்சும் வந்திருந்தது. காப்பீட்டு க்ளெய்ம்களுக்கு ஓயாமல் கேள்வி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இத்தனை காரணங்களில் உண்மையில் காசைக் கொண்டுவந்தது கடைசிக் காரணம்தான்.

ஏற்கெனவே இருந்த பில்லிங் சாஃப்ட்வேர்க்காரரே "டாக்டர் மாட்யூல்" ஒன்றும் வைத்திருந்தார். மலிவாகத் தருவதாகச் சொன்னார். கான்பரன்ஸ் ஹாலில் ஒரு மதியம், பிரியாணியோடு டெமோ நடந்தது. திரையில் "டெஸ்ட் பேஷன்ட்" என்று ஒருவர், 35 வயது, ஒரு நாள் தலைவலி, ஒரே ஒரு மாத்திரை. 3 நிமிடத்தில் முடிந்தது. எங்களிடம் வருகிற நோயாளி 68 வயதில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி, எட்டு மாத்திரை, கூடவே ஒரு மருமகள் என்று வருவார். அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டெமோவுக்கு மருந்தகத்திலிருந்து ஒருவரையும் அழைக்கவும் இல்லை.

பொங்கலுக்கு அடுத்த திங்கள்

தொடங்கிய நாள் பொங்கல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. "லீவு முடிஞ்சு ஃப்ரெஷ்ஷா ஆரம்பிக்கலாம்" என்று நிர்வாகம் சொன்னது. பொங்கலுக்காக டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்ட அத்தனை பேரும் அந்தத் திங்கள்தான் வருவார்கள் என்பது டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

காலை 10 மணிக்கு வரிசை வாசலைத் தாண்டியது. வழக்கமாக 1 மணிக்கு முடியும் என் ஓ.பி. மாலை 4 மணி வரை போனது. பிளக் பாயின்ட் இடது சுவரில் இருந்ததால் கம்ப்யூட்டரையும் இடது சுவரோரம் வைத்திருந்தார்கள். நோயாளி உட்காரும் ஸ்டூல் வலப்பக்கம். டைப் செய்யத் திரும்பினால் அவருக்குத் தெரிவது என் தோளும் பிடரியும்தான். இரண்டாவது நாள் ஒரு பாட்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பொட்டிகிட்டயே சொல்லட்டுமா சாமி?" என்றார். அறையில் இருந்த சிஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புலம்பல்

முதல் வாரத்திலேயே டாக்டர்கள் அறை முழுக்க இதே பேச்சு. மூத்த அறுவை மருத்துவர் மவுஸைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகப்பேறு மருத்துவர் இரவு வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் பகல் நோட்ஸை முடித்தார். நிர்வாகத்தின் விளக்கம் எளிமையானது: வயசு, டைப்பிங் தெரியாது, போகப் போகப் பழகிவிடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு சனிக்கிழமை டைப்பிங் வகுப்புகூட ஏற்பாடு செய்தேன். வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் ஏற்கெனவே வேகமாக டைப் அடிக்கிறவர்கள்.

"நம்ம டாக்டர்ஸ்தான் இப்படி, வெளிநாட்டுல எல்லாம் இதுலதான ஓடுது" என்று ஒரு கூட்டத்தில் நிர்வாக மேலாளர் சொன்னார். அன்றிரவு உட்கார்ந்து தேடினேன். அமெரிக்க அரசு 2009இல் சட்டம் போட்டுப் பெரும் ஊக்கத்தொகை கொடுத்து இந்த அமைப்புகளைப் பரப்பியது. 2016இல் வந்த ஓர் ஆய்வில் அங்கே 57 மருத்துவர்களைக் கூடவே இருந்து கவனித்தார்கள். நோயாளியோடு நேருக்கு நேர் செலவான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்ப்யூட்டரிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட 2 மணி நேரம் போயிருந்தது. ஒரு கருவி எவ்வளவு எளிதாகக் கையாளக்கூடியது என்று 100க்கு மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று உண்டு. 2019இல் வெளியான ஆய்வில் அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் சாஃப்ட்வேர்களுக்குப் போட்டது சராசரியாக 45.9. ஆய்வாளர்கள் அதை ஃபெயில் என்றே வகைப்படுத்தினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனை, டாக்டர்கள் கொதித்தெழுந்ததால் கோடிக்கணக்கில் செலவு செய்து கொண்டுவந்த, மருந்தையும் பரிசோதனையையும் கம்ப்யூட்டரில் ஆர்டர் போடும் அமைப்பையே 2003இல் நிறுத்தி வைத்தது. இதையெல்லாம் மேலாளரிடம் காட்டினேன். "சரி சார், அங்கயும் அப்படித்தான்னா விட்ருங்க" என்றார். நான் எதிர்பார்த்த பதில் அதுவல்ல.

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவை

இரண்டாம் மாதம், என் ஓ.பி. இல்லாத காலைகளில் மற்ற அறைகளில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கையில் ஒரு நோட்டு, ஒரு கடிகாரம்.

சாதாரணக் காய்ச்சல் கேஸ் ஒன்றை முடிக்க முப்பதுக்கும் மேல் கிளிக். பாதி கிளிக் பில்லிங்குக்காக, நோயாளிக்காக இல்லை. குழந்தைகள் பிரிவில் 8 மாதக் குழந்தைக்கு "புகைப்பழக்கம்: ஆம் / இல்லை" என்பது கட்டாயக் கட்டம்; நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. குழந்தை மருத்துவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் "இல்லை" போட்டார். (பிற்பாடு படித்தது: ஹவாயில் ஒரு மருத்துவமனைக் குழுமம் 2017இல் "முட்டாள்தனமானதை ஒழிப்போம்" என்றே ஒரு திட்டம் தொடங்கியது. அங்கே கைக்குழந்தையின் டயப்பரை மாற்றினால், குழந்தைக்குச் சிறுநீரை அடக்க முடியவில்லை என்று நர்ஸ் பதிய வேண்டியிருந்ததாம். புத்தி உலகமெங்கும் ஒன்றுதான் போல.)

நோய்க்குறியீடு போடாமல் சீட்டு அச்சாகாது. பட்டியலில் தேட நேரமில்லாததால் எல்லோர் விரலும் ஆர்50.9க்குப் போனது. காரணம் குறிப்பிடாத காய்ச்சல் என்பது அதன் பொருள். கால் சுளுக்கோடு வந்தவருக்கும் அதே.

மருந்துப் பட்டியல் என்று டாக்டர் திரையில் வருவது உண்மையில் எங்கள் மருந்தகத்தின் ஸ்டாக் பட்டியல். அதுவும் பிராண்டு பெயரில். மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக் பெயரில்) எழுதச் சொல்லி 2016இல் மருத்துவ கவுன்சில் விதியைத் திருத்தியது. இங்கே மூலப்பெயரை அடித்தால் "பொருள் இல்லை" என்று வரும். ஸ்டாக் தீர்ந்தால் அந்த மருந்தே உலகத்தில் இல்லாத மாதிரி பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

எச்சரிக்கைப் பெட்டி எதற்கெடுத்தாலும் எழும். "உறுதிதானா?" ஒன்றுக்கும் உதவாத இருபதுக்கு நடுவில் உருப்படியான ஒன்று வந்தால் யார் கண்ணில் படும்? எலும்பு மருத்துவரின் வலது சுண்டுவிரல் எண்டர் கீயின் மேலேயே தங்கியிருந்தது. பெட்டி எழும் முன்பே தட்டிவிடுவார்.

எனக்கு நிஜமாகவே பயம் கொடுத்தது வார்டு. மூத்தவர்களின் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தது. ட்யூட்டி டாக்டர்கள் அவர்கள் பெயரில் எல்லாம் எழுதினார்கள். முந்தைய நாள் குறிப்பை அப்படியே இன்றைக்குக் கொண்டுவரும் பொத்தான் ஒன்று இருந்தது. குடல்வால் அறுவை முடிந்து இரண்டாம் நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் அன்றைய குறிப்பில் "அறுவைக்குத் தயார், வாய்வழி ஒன்றும் கொடுக்க வேண்டாம்" என்றிருந்தது. அதிகம் கஷ்டப்பட்டவர்கள் வயதானவர்கள் இல்லை, இந்த 25, 26 வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் புலம்பவில்லை. புலம்பும் இடத்தில் அவர்கள் இல்லை.

மருந்தகத்திலிருந்து ஒரு போன்

மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை மதியம். மருந்தகத்தில் இருபது வருடமாக இருக்கும் அக்கா போன் செய்தார்.

"சார், ஒரு சந்தேகம். மூட்டுவாத மாத்திர, மெத்தோட்ரெக்சேட். இந்தம்மாவுக்கு எப்பவும் மாசத்துக்கு நாலுதான் குடுப்போம். இன்னிக்கு முப்பது வந்திருக்கு."

"குடுத்துட்டீங்களா?"

"இல்ல சார், கையிலதான் வச்சிருக்கேன். அந்தம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சுங்குது."

மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மருந்து. தினமும் எடுத்தால் வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது குறைந்துவிடும், உயிரே போகலாம். உலகம் முழுக்க இந்த ஒரே தவறால் மரணங்கள் நடந்திருக்கின்றன. எழுதியவர் என்னைவிட அனுபவம் மிக்க ஒரு மருத்துவர். கையால் எழுதிய காலத்தில் சிவப்புப் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி வட்டம் போடுவார். நோயாளியை மூன்று முறை திருப்பிச் சொல்லவும் வைப்பார்.

திரையில் என்ன நடந்தது என்று நானும் அந்த மருத்துவரும் உட்கார்ந்து பார்த்தோம். வேளைக்கான பட்டியலில், காலை-மதியம்-இரவு என்ற வரிசையில், 1-0-0, 0-0-1, 1-0-1, 1-1-1, தேவைப்பட்டால் என்பவை மட்டுமே இருந்தன. வாரம் ஒருமுறை என்பதே கிடையாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நகர முடியாததால் அவர் 1-0-0 போட்டார். கீழே குறிப்புக் கட்டத்தில் "ஞாயிறு மட்டும்" என்று டைப் செய்தார். ஒரு மாதம் என்றதும் சாஃப்ட்வேர் தானே பெருக்கி 30 மாத்திரை என்றது. குறிப்புக் கட்டம் டாக்டர் திரையில் தெரியும். மருந்தகத் திரைக்குப் போகாது, மாத்திரைக் கவரில் ஒட்டும் லேபிளிலும் வராது. இது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

நாங்கள் எழுந்தபோது அவர் சொன்னது: "இத நான் மொதல் வாரமே சொன்னேனே." உண்மைதான். வராண்டாவில் ஐ.டி. பையனை நிறுத்தி, வாராந்திர மருந்து போட வழியில்லை என்று சொல்லியிருக்கிறார். அவனும் "பாக்குறோம் சார்" என்றிருக்கிறான். டாக்டர்களுக்கான வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார். தேடிப் பார்த்தேன், இருந்தது. மேலே ஒரு குட்மார்னிங் படம், கீழே யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. நானும் அதைப் பார்த்த அடையாளமாக நீல டிக் இருந்தது.

அன்று மாலையே வாரம் ஒருமுறை கொடுக்கும் மற்ற மருந்துகளைத் தேடினோம். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் அதே மாதிரி 1-0-0 என்று போயிருந்தது. அந்த நோயாளிகளை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தோம். பெரும்பாலோர் டாக்டர் வாயால் சொன்னதை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு அம்மா மட்டும் நான்கு பாக்கெட்டையும் நான்கே நாளில் பாலில் கலக்கிக் குடித்து முடித்திருந்தார். வரவழைத்துக் கால்சியம் பார்த்தோம். பாதிப்பில்லை.

எடுத்த முடிவுகள்

மறுநாள் கூட்டத்தில் மூத்தவர்கள் ஒரே குரலில் கேட்டது: பழையபடி காகிதம். நிர்வாகம் சொன்னது: ஒரு தவறுக்காக எல்லாவற்றையும் தூக்க முடியாது. நான் நடுவில்.

முழுக்கக் காகிதத்துக்குப் போகக் கூடாது என்று நான் நினைத்ததற்குக் காரணம் அந்த அக்காவின் போன்தான். அவர் பிடித்தது "30" என்ற எண்ணை. அது அச்சில் தெளிவாக இருந்ததால் உறுத்தியது. எங்களில் சிலர் எழுதும் கையெழுத்தில் 4க்கும் 9க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஓ.பி. குறிப்புகளைத் திரையில் எழுதுவதால் அந்தக் கட்டத்தில் யாருக்கும் லாபமில்லை. அதனால் பாதிக்குப் பாதி: நோயாளி சொல்வதும் பரிசோதனையும் காகிதத்தில், அதை ரெக்கார்டு பிரிவு அன்றே ஸ்கேன் செய்யும். மருந்துச் சீட்டு, லேப், டிஸ்சார்ஜ் சம்மரி கம்ப்யூட்டரில். மெத்தோட்ரெக்சேட், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், இன்சுலின், படிப்படியாகக் குறைக்கும் ஸ்டீராய்டு ஆகியவை மட்டும், சாஃப்ட்வேர் சரியாகும் வரை, சிவப்பு மையில் தனிச் சீட்டு.

இரண்டாவது, வாட்ஸ்அப் குழுவை மூடினோம். டாக்டர்கள் அறையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். தேதி, அறை, என்ன குறை, யார் சொன்னது. எதிர்ப் பக்கத்தில் ஐ.டி. ஆள் இரண்டு நாளுக்குள் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "முடியாது" என்றும் எழுதலாம், ஆனால் எழுத வேண்டும். மருந்தகத்தில் ஒன்று, வார்டில் ஒன்று என மொத்தம் மூன்று நோட்டு. சாஃப்ட்வேரில் வந்த குறையைக் காகித நோட்டில் எழுதுவதைக் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன்.

கட்டாயக் கட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது யாருக்குத் தேவை என்று கேட்டோம். பில்லிங், காப்பீடு, தர நிர்ணயப் பிரிவு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தம் கொண்டாட ஆளில்லாத கட்டங்களை நீக்கச் சொன்னோம். எட்டு மாதக் குழந்தையின் புகைப்பழக்கத்தை யாரும் கேட்கவில்லை. பரபரப்பான இரண்டு ஓ.பி.களுக்கு டைப் செய்ய ஆள் வேண்டும் என்றேன். சம்பளக் கணக்கு பார்த்து நிர்வாகம் ஒருவரைத்தான் கொடுத்தது.

மானிட்டரையும் திருப்பினோம். எலக்ட்ரீஷியன் ஒருவர், ஆசாரி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேசை நடுவில் கொஞ்சம் சாய்வாக, நோயாளியும் பார்க்கும்படி. எல்லா மாற்றங்களிலும் குறைந்த செலவு இதற்குத்தான். டாக்டர்கள் அதிகம் பாராட்டியதும் இதைத்தான்.

பிறகு நடந்தது

வாராந்திர வேளை பட்டியலில் வரச் சுமார் இரண்டு மாதம் ஆனது. "அடுத்த அப்டேட்ல வரும்" என்று மூன்று முறை சொன்னார்கள். ஒப்பந்தத்தில் திருத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் தனிக்கட்டணமும் கேட்டார்கள். இப்போது வாரம் ஒருமுறை என்று போட்டால் கிழமையைக் கேட்கும், எண்ணிக்கை அதற்கேற்ப வரும், குறிப்புக் கட்டம் லேபிளில் தமிழில் அச்சாகும். தமிழ் எழுத்து முதலில் கட்டங்கட்டமாக உடைந்து வந்தது. அது சரியாக இன்னொரு மாதம்.

ஓ.பி. நேரம் குறைந்தது. பழைய 1 மணிக்குத் திரும்பவில்லை, இரண்டு, இரண்டரை. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. முன்பு டைப்பிஸ்ட் வரும்வரை நோயாளிக் குடும்பம் பையைக் கட்டிவைத்துக் காத்திருக்கும். இப்போது லேப் முடிவுகள் தானே வந்து உட்கார்கின்றன. புலம்பலைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

பாஸ்வேர்டு பிளாஸ்திரிகளைக் கிழித்தோம். ட்யூட்டி டாக்டர்களுக்குத் தனி லாகின். மூத்த அறுவை மருத்துவர் இன்றும் மவுஸைத் தொடுவதில்லை. வாயால் சொல்கிறார், ஜூனியர் தன் பெயரில் எழுதுகிறார், அவர் படித்துப் பார்த்துக் காகிதத்தில் கையெழுத்திடுகிறார். விதிப்படி சரியா என்று கேட்டால் இழுபறிதான், ஆனால் யார் எழுதினார்கள் என்பதாவது உண்மையாக இருக்கிறது. இரவில் வீட்டில் நோட்ஸ் முடித்துக்கொண்டிருந்த மகப்பேறு மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். குடும்பக் காரணம் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் டெங்கு வந்தபோது, இந்த ஆண்டு எத்தனை காய்ச்சல் கேஸ் என்று நிர்வாகம் கேட்டது. கம்ப்யூட்டர் உடனே எண் கொடுத்தது. தையிலிருந்து சேர்ந்த ஆர்50.9 எல்லாம் அதில் இருந்தது, சுளுக்கு உட்பட. அந்த மாதங்களின் தரவைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

மறுபடி செய்வதானால்

டெமோவுக்கு எங்கள் ரெக்கார்டு அறையிலிருந்தே பத்து பழைய கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு போவேன். வாராந்திர மருந்து, குறைத்துக்கொண்டே போகும் ஸ்டீராய்டு, எடைக்கேற்ற குழந்தை மருந்து மூன்றும் அதில் இருக்கும்படி பார்ப்பேன். டாக்டர் எழுதியதும் மருந்தகத் திரையிலும் லேபிளிலும் என்ன வருகிறது என்று அச்செடுத்துக் காட்டச் சொல்வேன். மருந்தகத்து அக்காவை முதல் வரிசையில் உட்கார வைப்பேன். ஒரே நாளில் எல்லா அறையிலும் தொடங்காமல், ஒரு அறை, ஒரு மாதம். திருத்தங்களுக்கு எத்தனை நாள், என்ன கட்டணம் என்பது ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்துப் போட விடமாட்டேன். டைப்பிங் வகுப்பு வைக்கமாட்டேன்.

முதல் கணக்கு நோட்டு தீர்ந்து, இப்போது இரண்டாவது தொங்குகிறது. நேற்று புரட்டியபோது எதிர்ப் பக்கம் காலியாக ஒன்பது வரி இருந்தது. ஒன்று ட்யூட்டி டாக்டர் எழுதியது: முந்தைய நாள் குறிப்பைக் கொண்டுவரும் அந்தப் பொத்தான் இன்னும் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். கீழே வேறு கையெழுத்தில் இன்னொருவர்: எடுக்காதீர்கள், இரவு ட்யூட்டியில் அது இல்லாமல் முடியாது. வரும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.